அக்காவின் பச்சைச் சட்டை

அந்தப் பச்சைச் சட்டையை முதன்முதலில் அணிந்துகொண்டபோதே மூத்தவளுக்கு அதன்மீது ஒரு பிரியம் உண்டாகிவிட்டது. புதிதாகத் தைத்த சட்டைதான். ஆயினும், பல ஆண்டுகள் உழைத்துக் களைத்ததுபோல் தோள்களில் வெளிறி, முழங்கையில் ஒட்டுப்போட்டு, நடுப் பொத்தான் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருக்குமாறு அதனை ஆக்கியிருந்தார்கள். படத்தில் அவள் ஏற்றிருந்த பாத்திரத்துக்கு அது மிகவும் பொருந்திற்று. கணவன் கொலையுண்ட தங்கைக்குத் துணையாக வந்து தங்கும் அக்கா. சமைப்பவள், துணி மடிப்பவள், கதவுக்குப் பின்னால் ஓசையின்றி நிற்பவள். கொன்றவள் தங்கையா அக்காவா என்று பார்ப்பவர்கள் இறுதிவரை தடுமாற வேண்டும் என்பதே கதை.

கதாநாயகியாகிய அந்தத் தங்கை வேடத்தில் நடித்தவள் அவளுடைய சொந்தத் தங்கையே. இளையவள் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கையில் தகப்பனார் காலமாகிவிட, தாய் வேலைக்குப் போனாள். இளையவளுக்குத் தலை வாரியதும், காய்ச்சலுக்குக் கண்விழித்ததும், பின்னாளில் நாடக மேடைக்குக் கைப்பிடித்து அழைத்துச் சென்றதும் மூத்தவளே. அவள் மணம் செய்துகொள்ளவில்லை. தாயை விட்டால், உலகத்தில் அவளுக்கென்று இருந்தவள் இவள் ஒருத்திதான்.

நடிப்பில் அவள் தங்கைக்குக் கற்பித்த முதற்பாடம் மிகவும் எளியது. "பேசறதுக்கு முன்னாடி ஒரு தடவை எச்சிலை முழுங்கிக்கோடி. அதோட நீ உள்ளே போயிடணும். அப்புறம் வெளியே வர்றவ வேற ஆள்." அது அவளுடைய சொந்த வழக்கம், தங்கைக்கும் ஒட்டிக்கொண்டது. படக்கருவியின் கண்ணுக்குக்கூட எட்டாத அந்தச் சிறு அசைவை, அக்காளும் தங்கையும் ஒருவர் கழுத்தில் ஒருவர் தவறாமல் காண்பார்கள்.

மாணவி பிறகு ஆசிரியையை முந்திச் சென்றுவிட்டாள். இளையவள் முகம் சுவரொட்டிகளில் பெரிதாக விளங்கிற்று. மூத்தவள் அக்காவாகவும் அண்ணியாகவும் தாதியாகவும் வந்து, பெரும்பாலும் இடைவேளைக்குள் இறந்துபோனாள். கடைத்தெருவில் எவரேனும் அவளை உற்று நோக்கி, "நீங்க அந்தப் படத்துல செத்துப்போவீங்களே, அவங்கதானே?" என்று வினவினால், "எந்தப் படம்னு சொல்லுங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்பாள். அவளுக்கு அதில் மனக்குறை ஏதுமில்லை. இந்தப் படத்தில் முதன்முறையாகத் தங்கையோடு சேர்ந்து நடிக்கிறாள் என்பதும், முதன்முறையாகக் கடைசிக் காட்சிவரை உயிரோடு இருக்கிறாள் என்பதும் அவளுக்குப் போதுமானவையாக இருந்தன.

இயக்குநர் மென்மையாகப் பேசுகிறவர். அதனாலேயே படப்பிடிப்புக் குழுவினர் அவருக்குப் 'பஞ்சு' என்று பெயர் சூட்டியிருந்தார்கள். அவருக்கு ஒரு முறை உண்டு. முழுக் கதையை எவருக்கும் அவர் சொல்வதில்லை. அவரவர் பேச வேண்டிய பகுதியை மட்டும் அன்றன்று காலையில் கொடுத்து, மாலையில் திரும்ப வாங்கிக்கொள்வார்.

"ரெண்டு பேரும் வீட்டுல சாப்பாட்டு மேசையில உட்கார்ந்து வசனம் பேசிப் பார்ப்பீங்களாமே," என்று முதல் நாளே அவர் சிரித்துக்கொண்டு கூறினார். "இந்தப் படத்துக்கு மட்டும் அது வேண்டாம். ஒருத்தர் மனசுல என்ன இருக்குன்னு இன்னொருத்தருக்குத் தெரியக்கூடாது."

அன்று மாலை காரில் திரும்புகையில் இளையவள் அக்காளின் தோளில் சாய்ந்துகொண்டு கெஞ்சினாள்.

"என்கிட்ட மட்டும் சொல்லுக்கா. நீதானே கொன்னது?"

"நான் எதுக்குடி கொல்லணும்? உன் சமையலைத் தினமும் சாப்பிட்டவன். அவனாவே போய்ச் சேர்ந்திருப்பான்."

காரோட்டி சிரிப்பை அடக்க மாட்டாமல் இருமினார். சாப்பாட்டு மேசையில் வசனம் பேசும் வழக்கம் அன்றோடு நின்றது. அந்த இடத்தை முதலில் மௌனமும் பிறகு வேறொன்றும் வந்து நிரப்பும் என்பதை இருவரும் அறிந்திலர்.

படப்பிடிப்பு ஒரு பழைய மாடி வீட்டில் நடைபெற்றது. கீழே சமையலறையும் கூடமும். கூடத்திலிருந்து மேலேறும் மரப்படிக்கட்டு. மேலே இரண்டு அறைகள். பின்கட்டில் ஓர் அறை உடைகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதன் அதிபதி, எந்நேரமும் தலையில் குத்தூசிகளைச் செருகிக்கொண்டு திரிந்த ஒரு நடுத்தர வயதுப் பெண். 'ஊசியம்மா' என்றுதான் எல்லாரும் அவளை அழைத்தார்கள்.

ஒரு நாள் நண்பகல் உணவுக்குப்பின் இயக்குநர் மூத்தவளை மாடியறைக்கு வரச் சொன்னார். கதவைத் தாமே சாத்தினார்.

"ஒரு சங்கடமான விஷயம்மா. கடைசிவரைக்கும் நீங்க இருப்பீங்கன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன். போன வாரம் அதை மாத்த வேண்டியதாப் போச்சு. உங்களைக் கொஞ்சம் முன்னாடியே முடிச்சிடறேன்."

"ஏன் சார்? நான் சரியாச் செய்யலையா?"

"ஐயையோ, அப்படியெல்லாம் இல்லை. நானா மாத்தலை. மாத்தச் சொன்னாங்க. கடைசியில தன் பக்கத்துல வேற யாரும் நிக்க வேண்டாமாம்."

"யாரு சொன்னது?"

அவர் சன்னல் வழியே கீழே நோக்கினார். அங்கே குடையின் நிழலில் அமர்ந்து இளையவள் தேநீர் அருந்திக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னேன்னு கேட்டுடாதீங்க," என்றார் அவர், பஞ்சினும் மெல்லிய குரலில். "குடும்பத்துல வீணா மனக்கசப்பு வரும்."

மூத்தவள் அதனை நம்பவில்லை. நம்பவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியிறங்கினாள். ஆயினும், கீழே வந்ததும் அவள் முதலில் செய்தது தங்கையின் முகத்தைப் பார்த்ததுதான். இளையவள் நிமிர்ந்து நோக்கிப் புன்னகைத்தாள். அந்தப் புன்னகை வழக்கத்தைவிடச் சற்றுத் தாமதமாக வந்ததுபோல் மூத்தவளுக்குத் தோன்றிற்று.

அதற்குப் பின்னர்த் தோன்றியவற்றுக்கு அளவில்லை. இளையவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். முன்பு அவ்வாறு வைத்ததில்லை. காரில் காதுகளில் பாட்டுக்கருவியைச் செருகிக்கொண்டு கண்களை மூடிக்கொண்டாள். ஆனால் அவள் விரல்கள் தாளமிடவில்லை. ஒப்பனை அறையில் மூத்தவள் நுழைந்தால் பேச்சு அறுந்தது. ஒரு முறை படிக்கட்டின் அடியில் நின்றவாறு, மேலே இளையவள் இயக்குநரிடம் தாழ்ந்த குரலில் கூறுவதை அவள் கேட்க நேர்ந்தது.

"அக்கா இல்லாதப்போ எடுத்துக்கலாம் சார். அவ பக்கத்துல இருந்தா வேண்டாம்."

மூத்தவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். மேலும் கேட்டிருக்கலாம், கேளாமல் சமையலறைக்குப் போய், படத்துக்காக அடுக்கி வைத்திருந்த பாத்திரங்களைக் காரணமின்றித் திருப்பி அடுக்கினாள். கதவுக்குப் பின்னால் நிற்பவளாக நடிக்க வந்தவள், நடிப்பில்லாமலே அவ்விதம் நின்றுவிட்டோமே என்ற எண்ணம் அவளைச் சுட்டது.

வீட்டிலே தாய் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"என்னங்கடி இது, ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க? படத்துல செத்தவன் எவன்? அவனுக்கு நம்ம வீட்டுல எதுக்குத் துக்கம்?"

"ஒண்ணுமில்லைம்மா, களைப்பு," என்றாள் இளையவள்.

"எனக்கும் களைப்புதான்," என்றாள் மூத்தவள்.

"ஒரே களைப்பை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிட்டீங்களாக்கும்," என்று சொல்லிவிட்டுத் தாய் விளக்கை அணைத்தாள். மறுநாள் முதல் மூத்தவள் தனக்கு வேறு கார் அனுப்பும்படி கேட்டுக்கொண்டாள்.

சமையலறைக் காட்சி அந்த வாரத்தில்தான் படமாக்கப்பட்டது. தங்கை மேசையருகே அமர்ந்து, கணவன் இறந்த இரவு தான் எங்கிருந்தாள் என்பதை விவரிக்க வேண்டும்; அக்கா பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டிருந்து, ஒரு கட்டத்தில் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்தப் பார்வையில்தான் காட்சி முடிகிறது. இளையவள் பேசத் தொடங்கினாள். 'நீ என் தங்கைதானா?' என்ற கேள்வி ஒன்றே மூத்தவள் நெஞ்சில் நின்றது. திரும்பினாள், பார்த்தாள்.

இளையவள் வசனத்தை மறந்தாள். இயக்குநர் 'கட்' என்று சொல்ல நெடுநேரம் ஆயிற்று. சொன்னபின் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு தலைகுனிந்தார்.

"அம்மாடி!" என்றார் ஒப்பனைக்காரர். "அந்தக் கண்ணை வெச்சு அடுப்பே பத்த வைக்கலாம் போலிருக்கே!"

எல்லாரும் சிரித்தார்கள். இளையவள் மட்டும் சிரிக்கவில்லை. அக்காளை நெருங்கி வந்து, "நல்லாப் பண்ணேக்கா," என்றாள்.

"உனக்கென்னடி, இன்னும் கொஞ்ச நாள்தானே. அதுவரைக்கும் பொறுத்துக்கோ."

இளையவளின் முகம் வெளுத்ததைக் கண்டு மூத்தவளுக்கு ஒரு கணம் மகிழ்ச்சி உண்டாயிற்று. அந்த மகிழ்ச்சியை நினைத்து அன்றிரவு அவள் உறங்கவில்லை.

அதன்பின் ஒரு காலையில் அவளுக்குரிய தாள் வந்து சேர்ந்தது. படிக்கட்டின் உச்சியில் தங்கை அக்காவைப் பிடித்துத் தள்ளுகிறாள். அக்கா உருண்டு விழுந்து இறக்கிறாள். அவ்வளவுதான், மூத்தவளுக்கு அதற்குமேல் வேலையில்லை. பஞ்சு சொன்னது பொய்யாக இருக்கலாம் என்று ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த நம்பிக்கையும் அத்துடன் உதிர்ந்தது.

சட்டையின் கைப்பட்டியில் எண்ணெய்க் கறை பட்டிருந்தது. அதனைத் துடைத்துத் தருமாறு கேட்பதற்காக, வழக்கம்போல் ஆள் அனுப்பாமல், அவளே பின்கட்டுக்குச் சென்றாள். கதவு திறந்திருந்தது. உள்ளே குறுக்குக் கம்பியில், இன்னும் இரண்டு பச்சைச் சட்டைகள் தொங்கின.

அவள் உடம்பில் இருந்ததன் அச்சு அசலான இரட்டைகள். அதே இடத்தில் ஒட்டு; அதே வேற்றுநிறப் பொத்தான். ஒரு சட்டைக்கு மாற்று எப்போது தைப்பார்கள் என்பதை அவ்வளவு காலம் இத்தொழிலில் இருந்தவளுக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. சட்டை நனையப் போகிறது, கிழியப் போகிறது, அல்லது குருதி படியப் போகிறது என்றால்தான் தைப்பார்கள். ஒரு முறை சரியாக வராவிட்டால் மறுமுறைக்குச் சுத்தமான சட்டை வேண்டுமல்லவா? ஆகவே அவள் வியப்படையவில்லை. அருகிற்சென்று, கம்பியில் தொங்கிய சட்டையின் தோளைத் தன் தோளோடு ஒட்டிப் பார்த்தபோதுதான் வியப்படைந்தாள். இரண்டும் ஒரே அளவில் வெளிறியிருந்தன.

"ஐயோ, நீங்களா? இங்கே ஏம்மா வந்தீங்க?" என்று ஊசியம்மா பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "இது உங்க கண்ணுல படக்கூடாதுன்னு டைரக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தாரே!"

"பட்டாச்சு. விடுங்க. இதைப் போன வாரந்தானே தைச்சீங்க?"

"போன வாரமா?" ஊசியம்மாவின் குரலில் தொழிற்கர்வம் புண்பட்டது தெரிந்தது. "போன வாரம் தைச்சதை உங்க சட்டையோட பக்கத்துல வெச்சா, பார்க்கறவங்க காறித் துப்ப மாட்டாங்களா? மூணையும் ஒரே துணியில வெட்டி, ஒரே தொட்டியில ஊற வெச்சு, ஒண்ணாத்தாம்மா வெளுத்தேன். தனித்தனியா வெளுத்தா சாயம் ஒத்து வரவே வராது. நீங்க போட்டிருக்கீங்களே, அதுகூட அன்னைக்கு மூணுல கைக்கு வந்த ஒண்ணுதான்."

"என்னைக்கு?"

"படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. உங்களை அளவெடுத்த கையோட."

மூத்தவள் அங்கிருந்த முக்காலியில் அமர்ந்தாள். சட்டையை முதன்முதலில் அணிந்து, கண்ணாடியில் பார்த்துப் பிரியம் கொண்ட அந்தக் காலையிலேயே அவளுடைய மரணம் இந்தக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. தங்கை கேட்டுக்கொண்டதால் போன வாரம் மாற்றியதாக இயக்குநர் சொன்னாரே, மாற்றுவதற்கு அங்கே ஒன்றும் இருந்திருக்கவில்லை.

ஆயினும் சந்தேகம் வாடகைக்கு வந்தவரைப்போல் எளிதில் காலி செய்வதில்லை. 'அப்படியானால் படிக்கட்டில் நான் கேட்டது என்ன?' என்று அது அவளுக்குள்ளிருந்து வினவிற்று. கறையைத் துடைக்காமலே அவள் ஒப்பனை அறைக்குச் சென்றாள். இளையவளைத் தவிர மற்றவர்களை வெளியே போகச் சொல்லிக் கதவைத் தாழிட்டாள்.

"நான் இல்லாதப்போ எதையோ எடுத்துக்கலாம்னு பஞ்சுகிட்டே சொன்னியே. எதைடி?"

இளையவள் கண்ணாடியை விட்டுத் திரும்பவில்லை. "நீ அதையும் ஒட்டுக்கேட்டியா?"

"கேட்டேன். சொல்லு."

"என்னோட க்ளோஸ்-அப்பை. நீ பக்கத்துல நின்னா எனக்கு நடிப்பு வரலை." அவள் குரல் உடைந்தது. "நான் அழறதே போலியா இருக்குன்னு அவர்கிட்டே போய்ச் சொன்னியாமே. 'நான் சொல்லிக் குடுத்ததை வெச்சுத்தான் இவ இத்தனை நாள் ஓட்டறா'ன்னு சொன்னியாமே. நல்லா இருக்கா அது? அதை என்கிட்டே சொல்லியிருக்கக்கூடாதா?"

"நானா சொன்னேன்?"

"நான் சொன்னேன்னு கேட்டுடாதீங்கன்னார்."

"குடும்பத்துல மனக்கசப்பு வரும்னு சொன்னாரா?"

இளையவள் திரும்பினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவள் தான் கேட்டதையும், சட்டைகளைக் கண்டதையும் மறைக்காமல் சொன்னாள். கேட்டுக்கொண்டே வந்த இளையவள் இறுதியில் ஒப்பனைத் தூரிகையைச் சுவரில் வீசியடித்தாள்.

"ரெண்டு பேர் தலையையும் சேர்த்து வெச்சு மொட்டை அடிச்சிருக்கான்! கிளம்புக்கா. போலாம். அவனே விழட்டும் படியிலேருந்து."

"போக வேண்டாம்."

"ஏன்?"

"போனா, நிஜமான வெறுப்பு இல்லாம நமக்கு இது வராதுன்னு நினைச்சுக்குவார். செஞ்சு காட்டிட்டுப் போலாம். நடிச்சே."

இளையவள் கண்களைத் துடைத்துக்கொண்டு, "சரி," என்றாள்.

அன்று பிற்பகல் படிக்கட்டுக் காட்சி எடுக்கப்பட்டது. அக்காவின் கை கைப்பிடியிலிருந்து நழுவும்வரைதான் மூத்தவள் நடிக்க வேண்டும். உருள்வதற்குச் சண்டைப் பயிற்சி பெற்ற ஒரு பெண், மற்றொரு பச்சைச் சட்டையில், மெத்தையருகே ஆயத்தமாக நின்றாள். மூத்தவள் எச்சிலை விழுங்கிக்கொண்டு உச்சிப்படியில் நின்றாள். இயக்குநர் குரல் கொடுத்தார். இளையவள் எதிரே வந்தாள்.

அந்தக் கண்களில் அன்பின் சுவடு ஒன்றும் இல்லை. ஓர் அந்நியரை, அதுவும் வேண்டாத அந்நியரை நோக்கும் கண்கள் அவை. தன்னை அறியாமல் மூத்தவளின் பார்வை தங்கையின் கழுத்துக்குச் சென்றது. கழுத்து அசையவே இல்லை. அடுத்த நொடி இரு கைகள் அவள் தோள்களில் பதிந்தன. அவை தள்ளிய வேகத்தில் கைப்பிடி மெய்யாகவே நழுவிற்று. பின்னால் நின்றவர்கள் அவளைத் தாங்கிக்கொண்டார்கள்.

"இதை நடிச்சுக் கொண்டுவர முடியாதும்மா," என்று இயக்குநர் ஈரக் கண்களோடு வந்தார். "இதுக்காகத்தான் நான் சில விஷயங்களை..."

"நடிச்சதுதான் சார்," என்றாள் மூத்தவள். "சட்டையை ஒளிச்சு வெச்சீங்க. சாயம் ஒத்துப்போச்சே, அதை மறந்துட்டீங்க."

அவருக்கு மறுமொழி கூற இடமளிக்காமல் இளையவள் அக்காளின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு போனாள்.

பல நாள்களுக்குப்பின் இருவரும் அன்று ஒரே காரில் திரும்பினார்கள். வெளியே மாலை வெயில் கட்டடங்களின் உச்சியில் நின்றது. காரோட்டி இருவரையும் கண்ணாடியில் பார்த்து மகிழ்ந்து, ஒன்றும் கேளாமல் ஓட்டினார். மூத்தவள் சற்றுத் தொலைவு வரையில் பொறுத்திருந்தாள்.

"அந்தப் பார்வை உனக்கு எங்கேயிருந்துடி வந்துச்சு?"

"எது?"

"மாடியில. தள்றதுக்கு முன்னாடி."

இளையவள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். "அது என்னோடது இல்லைக்கா. உன்னோடது. சமையலறையில பார்த்தியே, அதைத்தான் திருப்பிக் குடுத்தேன்."

"நான் அங்கே நடிச்சேன்."

"நீ முழுங்கவே இல்லையேக்கா அன்னைக்கு."

மறுப்பதற்கு மூத்தவளிடம் ஒன்றும் இல்லை. ஒருவன் பொய்யைச் சொன்னான் என்பது உண்மை. அதனை ஏற்று, தூக்கி, தங்கையின் முகத்தில் எறிந்தவை தன்னுடைய கண்கள் என்பதும் உண்மை. அக்காளைப் பற்றி ஒரு பொய்யைக் கேட்டபோது இளையவள் ஒதுங்கி அழுதாள்; மூத்தவளோ அவளைப் பார்வையால் எரித்தாள். இருவரும் ஏமாந்தவர்களே என்றாலும் இருவரும் ஒன்றல்லர்.

"மன்னிச்சிக்கோடி."

"சே, விடு. அவன் பண்ணதுக்கு நீ என்ன செய்வே?" இளையவள் திரும்பினாள், அழகாகப் புன்னகைத்தாள். "இப்பத்தான் எல்லாம் சரியாப் போச்சேக்கா."

அதைச் சொல்வதற்குமுன், அவள் கழுத்தில் அந்தச் சிறு அசைவு எழுந்து அடங்கிற்று.

மூத்தவள் அதனைக் கண்டாள். காணாததுபோல் இருந்துவிடுவது எளிது, வீடு சேரும்வரை சிரித்துப் பேசிக்கொண்டு போகலாம், தாயும் மகிழ்வாள். ஆனால் அவ்வாறு போனால், இனி ஒவ்வொரு நாளும் அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டு வாழ வேண்டியிருக்கும் என்று அவளுக்குப் புலனாயிற்று.

"முழுங்காமச் சொல்லுடி," என்றாள்.

இளையவளின் புன்னகை மெல்ல இறங்கிற்று. சாலை விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. அவள் அக்காளின் கைப்பட்டியில் இருந்த எண்ணெய்க் கறையை விரலால் தடவினாள். அப்போதுதான் மூத்தவள், தான் பச்சைச் சட்டையைக் கழற்றாமலே வந்துவிட்டதை உணர்ந்தாள்.

"இன்னும் சரியாகலைக்கா," என்றாள் இளையவள், அவள் முகத்தை நேராகப் பார்த்து. "ஆகும். கொஞ்ச நாள் ஆகும்."

அவள் கழுத்து அசையவில்லை.